றிப்போட் "நோர்மல்" வந்துட்டுது, குளிகையை நிப்பாட்டலாமா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

ஜனாஸா வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு வசனம் இருக்கிறது. "முதல் அட்டாக்கில தப்பி நல்லாத்தான் இருந்தார். இது ரெண்டாவது." கொஞ்சம் நேரம் பேசிக்கொண்டிருந்தால் இன்னொன்றும் வெளியே வரும். "கொலஸ்ட்ரோல் குளிகை குடிச்சவர். றிப்போட் நோர்மல் எண்டு வந்த பிறகு நிப்பாட்டிட்டார்."

நான் வைத்தியர் அல்ல, பள்ளிக்கூட ஆசிரியர். யாருக்கு எந்தக் குளிகை, எத்தனை மில்லிகிராம் என்பது வைத்தியரின் வேலை. ஆனால் இந்த "நோர்மல்" என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், ஒருமுறை மாரடைப்பு வந்தவர் அந்தச் சொல்லை வேறு விதமாக வாசிப்பார். அந்த வரலாற்றின் ஒரு முனை நம்முடைய இரத்மலானையிலேயே நிற்கிறது என்பது இன்னொரு சங்கதி.

1. முயல்களில் தொடங்கியது

1913. ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரம். நிக்கொலாய் அனிச்கொவ் என்ற இளம் வைத்தியர் சூரியகாந்தி எண்ணெயில் கொலஸ்ட்ரோலைக் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். முயல்களின் இரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்தது. மனிதனின் இதயக் குழாய்களில் காணப்படும் படிவு போலவே அது இருந்தது. ஆனால் எலியிலும் நாயிலும் செய்து பார்த்தவர்களுக்கு அப்படி வரவில்லை. "முயல் புல் தின்னும் பிராணி, அதை வைத்து மனிதனைப் பற்றிப் பேச முடியுமா?" என்று பலரும் ஒதுக்கிவிட்டார்கள்.

1948 இல் அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்ற சிறிய ஊரில் 5,209 பேரைப் பதிந்து, வருடக்கணக்காகப் பின்தொடர ஆரம்பித்தார்கள். யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்கு வரவில்லை, அவர்களுக்கிடையில் என்ன வித்தியாசம் என்று பார்த்தார்கள். உயர் இரத்த அழுத்தம், புகைத்தல், இரத்தத்தில் கூடிய கொலஸ்ட்ரோல் ஆகியவை மாரடைப்புக்கு முன்னறிவிப்பு என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வது அந்த ஊர் மக்களிடமிருந்து கிடைத்த அறிவு.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் ஜோன் கோஃப்மன் என்பவர் இரத்தத்தை மிக வேகமாகச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து, கொழுப்பைச் சுமந்து செல்லும் துகள்களைப் பாரத்தின்படி பிரித்தார். எல்.டி.எல்., எச்.டி.எல். என்று றிப்போட்டில் வரும் பெயர்கள் அந்தப் பிரிப்பிலிருந்து வந்தவை. கெட்ட கொலஸ்ட்ரோல், நல்ல கொலஸ்ட்ரோல் என்று நாம் செல்லமாகச் சொல்வதும் இவற்றைத்தான்.

2. றிப்போட்டில் இருக்கும் கணக்கு

லிப்பிட் புறொஃபைல் றிப்போட்டில் நான்கு முக்கிய இலக்கங்கள் இருக்கும்: மொத்தக் கொலஸ்ட்ரோல், எச்.டி.எல்., ட்ரைகிளிசரைட், எல்.டி.எல். இதில் கடைசி இலக்கம் பெரும்பாலும் நேராக அளக்கப்படுவதில்லை, கணித்து எழுதப்படுகிறது. அந்தச் சூத்திரத்தை 1972 இல் ஃபிரீட்வால்ட் என்பவரும் இரண்டு கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். ஓ.எல். பிள்ளையே செய்யக்கூடிய கணக்கு அது.

மொத்தம் 210, எச்.டி.எல். 40, ட்ரைகிளிசரைட் 150 என்று வையுங்கள். 150 ஐ ஐந்தால் வகுத்தால் 30. 210 இலிருந்து 40 ஐயும் 30 ஐயும் கழித்தால் 140. அதுதான் எல்.டி.எல். ட்ரைகிளிசரைட் 400 க்கு மேல் போனால் இந்தக் கணக்கு சரிவராது. அப்போது நேரடியாக அளக்க வேண்டும்.

இன்னொரு பரிசோதனையின் பெயரும் இப்போது அடிபடுகிறது: அபோ பி. காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ் ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்.டி.எல். இலக்கம் பஸ்ஸில் இருக்கும் பயணிகளை எண்ணுகிறது. அபோ பி பஸ்களையே எண்ணுகிறது, ஏனென்றால் குழாய்ச் சுவரில் போய்ச் சிக்கக்கூடிய ஒவ்வொரு துகளிலும் அந்தப் புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வீதியில் நெரிசலை உண்டாக்குவது பஸ்ஸின் எண்ணிக்கை. நீரிழிவும் தொந்தியும் உள்ளவர்களுக்குப் பயணிகள் குறைவாகவும் பஸ்கள் கூடுதலாகவும் இருப்பதுண்டு. அவர்களுடைய எல்.டி.எல். பார்வைக்கு நல்லதாகவே தெரியும்.

3. தோற்றுப்போன மருந்துகள்

"அந்தக் காலத்தில் ஆர் கொலஸ்ட்ரோல் குளிகை குடிச்சது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குடிக்கத்தான் பார்த்தார்கள். சரிவரவில்லை.

1966 இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்த 8,341 ஆண்கள். கொலஸ்ட்ரோலைக் குறைக்கக்கூடிய பல மருந்துகளை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெண் ஹோர்மோன் கொடுத்தார்கள், தைரொயிட் மருந்தின் ஒரு வகையும் கொடுத்தார்கள். இரண்டிலும் தீமை கூடியதால் இடைநடுவில் நிறுத்த வேண்டி வந்தது. 1975 இல் முடிவு வெளிவந்தபோது, மரணங்களைக் குறைத்ததாகக் காட்டக்கூடிய மருந்து ஒன்றுகூட இருக்கவில்லை. அதனால், இலக்கத்தைக் குறைத்தால் ஆளைக் காப்பாற்றலாமா என்ற சந்தேகம் வைத்தியர்களுக்கே நீண்ட காலம் இருந்தது. அது நியாயமான சந்தேகம்.

4. பூஞ்சையில் மருந்து தேடியவர்

அக்கிரா எண்டோ ஜப்பானின் வடக்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1933 இல் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே காளான், பூஞ்சை என்றால் உயிர். சங்கியோ என்ற மருந்துக் கம்பனியில் வேலை செய்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. பெனிசிலின் பூஞ்சையிலிருந்து கிடைத்தது. கொலஸ்ட்ரோல் உற்பத்தியைத் தடுக்கும் பொருளும் ஏதோ ஒரு பூஞ்சையில் இருக்கலாம் அல்லவா? இரண்டு வருடங்களில் சுமார் 6,000 பூஞ்சை வகைகளைச் சோதித்தார். 1973 இல் கிடைத்தது. அரிசியில் வளர்ந்த ஒரு நீலப்பச்சைப் பூஞ்சை.

எலிக்குக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரோல் குறையவில்லை. மேலிடம் கைவிடப் பார்த்தது. அப்போது முட்டையிடும் கோழிகளை வைத்து வேலை செய்துகொண்டிருந்த சக ஆய்வாளர் ஒருவர், தன் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்க்கச் சம்மதித்தார். கோழிகளில் நன்றாகக் குறைந்தது.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கவைத்தவர்கள் அமெரிக்காவின் டலஸ் நகரத்து வைத்தியர்கள் இருவர், பிரவுணும் கோல்ட்ஸ்டீனும். ஈரலின் கலங்களில் எல்.டி.எல். துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாசல்கள் இருப்பதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஈரல் தன் சொந்தக் கொலஸ்ட்ரோல் உற்பத்தியைக் குறைத்தால், தேவைக்காக அந்த வாசல்களைக் கூட்டித் திறக்கும். இரத்தத்தில் இருப்பது குறையும். 1985 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1987 இல் இந்த வகையின் முதல் மருந்து, லோவஸ்டாட்டின், அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று நம் வீடுகளில் இருக்கும் அடோவஸ்டாட்டின், ரொசுவஸ்டாட்டின் எல்லாம் அந்தக் குடும்பம். எண்டோ 2024 இல், 90 வயதில் காலமானார். தன் கண்டுபிடிப்பால் அவர் பெரும் பணக்காரர் ஆகவில்லை.

5. 4,444 பேர் சொன்ன பதில்

பழைய சந்தேகத்துக்குப் பதில் 1994 நவம்பரில் வந்தது. நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் 4,444 பேர். எல்லோரும் முன்பு மாரடைப்பு வந்தவர்கள், அல்லது இதயக் குழாய் அடைப்பால் நெஞ்சுவலி உள்ளவர்கள். பாதிப் பேருக்குச் சிம்வஸ்டாட்டின். பாதிப் பேருக்கு அதே போன்ற வெறும் குளிகை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது.

ஐந்து வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் வெறும் குளிகை குடித்தவர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து குடித்தவர்களில் 182 பேர். இறப்பிலோ மாரடைப்பிலோ முடிந்த பெரிய இதயச் சம்பவங்கள் நூற்றுக்கு 28 பேரிடமிருந்து 19 பேராகக் குறைந்தன.

இரண்டு வருடங்கள் கழித்து, 1996 இல், நம் தலைப்புக் கேள்விக்கு நேரடியான பதில் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மாரடைப்பிலிருந்து மீண்ட 4,159 பேரை எடுத்தார்கள். இவர்களுடைய மொத்தக் கொலஸ்ட்ரோல் சராசரி 209 தான். அந்தக் கால வழக்கப்படி "பரவாயில்லை" என்று அனுப்பிவிடக்கூடிய ஆட்கள். இவர்களுக்கும் ஸ்டாட்டின் கொடுத்தபோது, இதய நோய் மரணமும் மீண்டும் வரும் மாரடைப்பும் சேர்ந்து ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது.

அதாவது, "நோர்மல்" இலக்கத்தோடு இருந்தவர்களுக்கே குளிகை பலன் கொடுத்தது. மாரடைப்பு வந்த ஒருவருக்கு அந்த இலக்கம் நோர்மல் அல்ல என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு கேள்வி மாறியது. இன்னும் குறைத்தால்? 2004 இல் எல்.டி.எல். 95 இல் நின்றவர்களையும் 62 க்கு இறங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். 62 காரர்கள் நன்றாக இருந்தார்கள். 2015 இல் 18,144 பேரிடம், எசெட்டிமைப் என்ற இன்னொரு குளிகையையும் சேர்த்து, 70 இலிருந்து 54 வரை இறக்கிப் பார்த்தார்கள். வித்தியாசம் சிறியது, ஆனாலும் அதே திசையில்தான் வந்தது.

6. ஸ்டென்ட் போட்டாச்சு, இனிப் பயமில்லையா?

ஸ்டென்ட் நல்ல சிகிச்சை, உயிர் காக்கும் சிகிச்சை. ஆனால் அது குழாயில் ஓர் இடத்தைத்தான் திருத்துகிறது. 2011 இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டென்ட் வைக்கப்பட்ட 697 பேரை மூன்று வருடங்களுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இதயப் பிரச்சினை திரும்பி வந்தது. அதில் ஏறக்குறையப் பாதி திருத்திய இடத்தில். மறுபாதி, முன்பு யாரும் கைவைக்காத வேறு இடங்களில்.

குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு பரு மாதிரி. மேலே மெல்லிய தோல், உள்ளே கொழகொழப்பு. தோல் வெடித்தால் அங்கே இரத்தம் உறைந்து குழாய் அடைபடும். அடைப்பு சிறியதாக இருந்தாலும் வெடிக்கலாம். எல்.டி.எல். நீண்ட காலம் தாழ்ந்திருந்தால் உள்ளிருக்கும் கொழுப்பு வற்றித் தோல் தடிக்கிறது. ஸ்டென்ட் எட்டாத இடங்களைப் பாதுகாப்பது இந்தக் குளிகையின் வேலை. நிறுத்திச் சில கிழமைகளில் எல்.டி.எல். பழைய இலக்கத்துக்குத் திரும்பிவிடும். றிப்போட் நோர்மல் ஆனது குளிகையால்தான்.

7. இனி நம்முடைய கதை

2004 இல் சலீம் யூசுப் என்ற இந்திய வம்சாவளி வைத்தியர் தலைமையில் 52 நாடுகளில் மாரடைப்பு பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இலங்கையும் அதில் இருந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53. மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. ஆறு வருடம் முந்தி வருகிறது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வயது அது.

2005 இல் உலக சுகாதார நிறுவனம் இன்னோர் ஆய்வை வெளியிட்டது. மாரடைப்பும் பாரிசவாதமும் மீண்டும் வராமல் தடுப்பது பற்றியது. தலைமை தாங்கியவர் நம் நாட்டு இதய வைத்தியர் சாந்தி மெண்டிஸ். இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், எகிப்து, துருக்கி உட்பட 10 நாடுகளில் 10,000 நோயாளிகள். இதய நோயாளிகளில் நூற்றுக்கு 81 பேர் அஸ்பிரின் குடித்தார்கள். ஸ்டாட்டின் குடித்தவர்கள் நூற்றுக்கு 30 பேர்கூட இல்லை. உலகம் விடையைக் கண்டுபிடித்துப் பதினொரு வருடங்கள் ஆகியும் விடை வீட்டுக்கு வந்து சேரவில்லை.

காரணங்களில் ஒன்று விலை. இங்கேதான் சேனக பிபிலேயை நினைக்க வேண்டும். 1920 இல் பிறந்தவர், இந்நாட்டின் முதலாவது மருந்தியல் பேராசிரியர். மருந்தைக் கம்பனிப் பெயரில் வாங்காமல் அதன் பொதுப் பெயரில் வாங்கு, முழு நாட்டுக்கும் சேர்த்து மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரு, முடிந்ததை உள்நாட்டிலேயே செய் என்பது அவர் வகுத்த வழி. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் முதல் தலைவர் அவர். நாம் மருந்துத் துண்டோடு போய் நிற்கும் ஒசுசல கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்தினுடையவை. 1977 இல் கயானா நாட்டில் அவர் காலமானார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டதும் அதே வருடம்தான். 2007 இல் அந்தப் பட்டியலில் ஸ்டாட்டினும் ஏறியது.

உள்நாட்டிலேயே செய் என்றாரே, அது எங்கே நடந்தது? இங்கே, இரத்மலானையில். சேர் ஜோன் கொத்தலாவல மாவத்தையில் இருக்கும் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனத்தை நம்மில் பலர் பஸ்ஸிலும் திரீவீலிலும் கடந்து போகிறோம். ஜப்பான் அரசின் நன்கொடையால் அமைந்த தொழிற்சாலை அது. கூட்டுத்தாபனம் நிறுவப்பட்ட வருடம் 1987. ஒரு ஜப்பானியர் தொடக்கிவைத்த மருந்து வகை சந்தைக்கு வந்த அதே வருடத்தில், ஜப்பான் தந்த மருந்துத் தொழிற்சாலை நம் ஊரில். தற்செயல்தான். ஆனால் மறக்க முடியாத தற்செயல்.

ஸ்டாட்டின்களின் காப்புரிமைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. அடோவஸ்டாட்டினுடையது அமெரிக்காவில் 2011 இல் முடிந்தது. இன்று பொதுப் பெயரில் மலிவாகக் கிடைக்கிறது. அரச கிளினிக்கில் இலவசம். 2022 இல் மருந்துத் தட்டுப்பாட்டை நாம் அனுபவித்தோம். கிடைக்காதபோது பட்ட கஷ்டம் நினைவிருக்கிறவர்கள், கிடைக்கும்போது அதை அலுமாரியில் போட்டு வைக்கலாமா?

8. அப்படியென்றால் எது நோர்மல்?

றிப்போட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எல்லை பொதுவான ஆட்களுக்கானது. மாரடைப்பு வந்தவருக்கு, 2019 இல் ஐரோப்பிய இதய வைத்தியர்கள் வகுத்த வழிகாட்டல்படி, எல்.டி.எல். 55 க்குக் கீழே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் இருந்ததில் பாதியாவது குறைந்திருக்கவும் வேண்டும். இரண்டு வருடத்துக்குள் இரண்டாவது முறையும் வந்தவருக்கு 40 க்குக் கீழ் என்று பார்க்கலாம் என்கிறது. ஆகவே 110 என்று றிப்போட் வந்து பக்கத்தில் சிவப்புக் குறி இல்லாவிட்டால் சந்தோஷப்பட வேண்டாம். பரீட்சையில் 35 எடுத்தால் பாஸ் என்பது போன்ற எல்லை அல்ல இது. ஒவ்வொருவருக்கும் அவரவர் இலக்கு.

"எனக்கு நல்ல கொலஸ்ட்ரோல் கூட இருக்கு" என்று ஆறுதல்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. எச்.டி.எல். ஐக் கூட்ட ஒரு மருந்து செய்தார்கள். எச்.டி.எல். நன்றாகக் கூடியது, மரணமும் கூடியது. 2006 இல் அந்த ஆய்வை அவசரமாக நிறுத்தினார்கள். எச்.டி.எல். ஒரு அடையாளம். அதைக் காட்டி எல்.டி.எல். ஐ மன்னிக்க முடியாது.

இன்னொன்று, லிப்போபுரோட்டீன் ஏ. 1963 இல் நோர்வேயில் கோரே பேர்க் கண்டுபிடித்தது. பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் பெரிதாக மாறாது. தெற்காசியர்களிடம் இதன் பாதிப்பு கூடுதல். சின்ன வயதில் அட்டாக் வந்த குடும்பங்கள், வாழ்நாளில் ஒருமுறை இதைப் பார்க்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

9. வழக்கமான கேள்விகள்

"உடம்பு உளைவு வருதே?" சிலருக்கு உண்மையாகவே வரும். 2001 இல் ஒரு ஸ்டாட்டின், தசையைக் கடுமையாகப் பாதித்ததால் உலகச் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது. ஆகவே உளைவை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஆனால் 2020 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வையும் கேளுங்கள். பக்கவிளைவு என்று ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு, சில மாதம் மருந்தும் சில மாதம் வெறும் குளிகையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மருந்து மாதத்தில் சொன்ன உபத்திரவத்தில் 90 வீதம் வெறும் குளிகை மாதத்திலும் இருந்தது. அளவை மாற்றலாம், வேறு வகை தரலாம். நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

"நோன்புக்கு?" பெரும்பாலான ஸ்டாட்டின்கள் நாளைக்கு ஒன்றுதான். தராவீஹுக்குப் பிறகு குடித்தாலும் சரி. மற்ற மருந்துகளின் நேரத்தை ரமழானுக்கு முன்னமே வைத்தியரிடம் கேட்டு ஒழுங்கு செய்யுங்கள்.

"அஜல் வந்தால் போகத்தானே வேணும்?" உண்மை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்க நமக்குச் சொல்லித் தரப்படவில்லை. சிகரெட்டை விடுவது, நடப்பது, பிரஷரையும் சீனியையும் கட்டுக்குள் வைப்பது, குளிகையை விடாமல் குடிப்பது எல்லாம் அந்தக் கயிறுகள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். வீட்டில் வாப்பாவோ உம்மாவோ மாமாவோ மாரடைப்பிலிருந்து தப்பி வந்தவர் இருந்தால், இன்று இரவு அவருடைய கிளினிக் கொப்பியை எடுங்கள். கடைசி எல்.டி.எல். எவ்வளவு, எந்த மாதம் எடுத்தது, குளிகைப் பெட்டியில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். இலக்கம் 55 க்கு மேல் இருந்தாலோ, குளிகை எண்ணிக்கை ஒத்துவராவிட்டாலோ, அடுத்த கிளினிக் நாளில் அவரோடு நீங்களும் போங்கள். "இவருடைய இலக்கு எவ்வளவு டொக்டர்?" என்று கேளுங்கள். நெஞ்சுவலி திரும்ப வந்தால் யோசித்துக்கொண்டிருக்காமல் 1990 க்கு அழையுங்கள்.

அல்லாஹ் எல்லோருக்கும் ஆஃபியத்தான நீண்ட ஆயுளைத் தருவானாக. வீட்டில் இதய நோயாளி இருக்கும் ஒருவருக்காவது இதை அனுப்பி வையுங்கள்.